ஓரமாகப் போகச் சொல்கிறீர்கள், ஓரம் எங்கே?

இராமநாதபுரம் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் வரும் ஊர்களில் ஒன்று என்னுடையது. கிராமத் தபால்காரராக 33 வருஷம் வேலை பார்த்தேன். பாதி தூரம் சைக்கிளில் ஏறி, மீதி தூரம் மணலில் அதை உருட்டிக்கொண்டு. ஓய்வு பெற்றும் சைக்கிளை விடவில்லை. ரேஷன் கடைக்கு, மருந்து வாங்க, பேச்சுத் துணைக்கு ஆள் தேடிப் போக, எல்லாவற்றுக்கும் அதுதான்.

போன ஆனி மாதம் சாலை ஓரத்தில் ஒரு சாமியானா போட்டிருந்தார்கள். கச்சான் காற்று துணியைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்க, உள்ளே இரண்டு பையன்கள் அட்டையில் காகிதம் செருகிக் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். போக்குவரத்துக் கணக்கெடுப்பாம். ஏழு நாள், இரவு பகலாக. நானும் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன். லாரி போனால் ஒரு கோடு, கார் போனால் ஒரு கோடு. மீன் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு பெண்கள் வரிசையாகப் போனார்கள். பையன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தான்.

"தம்பி, இவங்களுக்குக் கோடு இல்லையா?" என்று கேட்டேன்.

"வண்டி மட்டுந்தான் தாத்தா. உங்க சைக்கிளுக்குக் கட்டம் இருக்கு. நடக்கிறவங்களுக்கு இந்தத் தாள்ல கட்டமே கிடையாது."

அவனைக் குறை சொல்லி என்ன? கொடுத்த தாளை நிரப்புகிறான். என் தங்கை மருமகன் சாலை ஒப்பந்த வேலையில் இருக்கிறார். அன்று இரவு அவரிடம் கேட்டபோது அந்தக் கணக்கை விளக்கினார். சாலைகளுக்கு அளவு வகுக்கிற பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-ல் ஊர்ப்புறச் சாலைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டியில் ஓர் அட்டவணை இருக்கிறதாம். கார் என்றால் 1. சைக்கிள் 0.5. பஸ், லாரி 3. கைவண்டிக்கும் 3. மாட்டு வண்டிக்கு 8. எல்லாவற்றையும் இப்படிக் கார் கணக்குக்கு மாற்றிக் கூட்டி, சாலை போதுமா, அகலப்படுத்த வேண்டுமா என்று முடிவு செய்கிறார்கள். மாட்டு வண்டிக்கு எப்படி 8 என்றேன். "அது எட்டுக் கார் அளவுக்கு வழியை அடைக்குதுல்ல மாமா" என்றார். ஆக, யார் போகிறார்கள் என்பதற்கான கணக்கு இல்லை இது. காருக்கு யார் எவ்வளவு இடைஞ்சல் என்கிற கணக்கு. நடக்கிறவர் இடைஞ்சலாகக்கூடத் தேறவில்லை.

சரி, உங்கள் தாளில் இல்லாதவர்கள் யார் என்று நானே சொல்லிவிடுகிறேன். தபால்காரனுக்கு ஆட்களை எண்ணத் தெரியும்.

விடிகாலை ஐந்து மணிக்கு முதலில் வருவது மீன் விற்கும் பெண்கள். 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் பஸ் எங்கள் தெருவுக்கு வருவதில்லை. நெடுஞ்சாலையில் நிற்கிறது. கரையிலிருந்து அங்கே இரண்டு கிலோமீட்டர். அந்த இரண்டு கிலோமீட்டரை ஐஸும் மீனுமாகத் தலைச்சுமையோடு நடக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் தண்ணீர்த் தள்ளுவண்டிகள். வெளியூர் அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் தெரியட்டும் என்று சொல்கிறேன்: எட்டுக் குடம், பத்துக் குடம் நிற்கிற மாதிரி சட்டம் அடித்து, சின்னச் சக்கரம் கோத்த வண்டி அது. இந்த மாவட்டத்தில் பாதி வீட்டு வாசலில் நிற்கும். குழாயடி சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தால் வண்டி நெடுஞ்சாலையைக் கடந்துதான் ஆக வேண்டும். நிறைந்த வண்டியைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. ஏழரைக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். அப்புறம் ரேஷன் கடை, தொழுகை, கோயில், பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் பிடிக்கும் வயசாளிகள். அமாவாசை என்றால் தேவிபட்டினத்து நவபாஷாணக் கோயிலுக்கு வருகிறவர்கள் வேறு.

இவர்களைப் பார்த்து லாரியும் வேனும் சொல்வது ஒன்றுதான்: "ஓரமாப் போ!" நானும் ஓரமாகத்தான் போகிறேன் ஐயா. அந்த ஓரம் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை இறங்கிப் பாருங்கள்.

வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முழம் தார். அதற்கு மேல் சீமைக்கருவேலம் சாய்ந்து கிடக்கிறது. மழைக்குப் பிறகு மூன்று மாதம் வெட்டாமல் விட்டால் கோட்டையே தாண்டி வரும். அதன் முள் டயரில் ஏறினால் டியூப் வரைக்கும் போகும். ஆகவே சைக்கிள்காரர் முள்ளுக்குப் பயந்து ஒரு முழம் உள்ளே ஓட்டுவார். அங்கே லாரி வரும். இன்னொன்று, சாலைக்கு ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்கிறது, பக்கத்து மண் அப்படியே கிடக்கிறது. இப்போது பல இடங்களில் தாருக்கும் மண்ணுக்கும் அரை அடி படி விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் கேட்டு மண்ணில் இறங்கினால் முன்சக்கரம் படியில் மாட்டி ஆளைக் குப்புறத் தள்ளும். எனக்கு அப்படித்தான் ஆனது. ஒரு வேனின் பக்கக் கண்ணாடி முழங்கையில் தட்டியது, நான் இறங்கினேன், சைக்கிள் இறங்கவில்லை. மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. வேன்காரர் நிற்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

என் பேத்தி பிளஸ் ஒன் படிக்கிறாள். அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி வீட்டுத் திண்ணையில் பிளாஸ்டிக் உறை கிழியாமல் நிற்கிறது. பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். சமதரை, ஒரு மேடுகூடக் கிடையாது. இருபது நிமிஷத்தில் போகலாம். அவள் அம்மா விட மாட்டேன் என்கிறாள். விடச் சொல்லி வாதாட எனக்கும் வாய் வரவில்லை, மணிக்கட்டு ஞாபகம். ஷேர் ஆட்டோவில் பதினொரு பேரோடு நெருக்கிக்கொண்டு போகிறாள். அவள் வகுப்பில் சில பையன்கள் லைசென்ஸ் இல்லாமல் அப்பாவின் பைக்கில் வருகிறார்கள். சைக்கிளில் போனால் அடிபடுவான் என்று பயந்து பைக்கைக் கொடுக்கிறார்கள்! சைக்கிள் கொடுத்தது ஒரு துறை, சாலை போட்டது இன்னொரு துறை. இரண்டு துறைக்காரர்களும் உங்கள் குழு மேசையில் ஒன்றாக உட்காருகிறீர்கள் என்பதால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். மத்திய அரசே வெளியிட்ட கணக்கு. செத்தால் எண்ணுகிறீர்கள், நடக்கும்போது எண்ணக் கூடாதா?

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 60-க்கு ஏறினால், மோதும் ஆற்றல் நாலு மடங்கு ஆகிறது. பேத்தியின் இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிறது. நடக்கிறவர்களும் சைக்கிளும் வண்டிகளும் கலந்து போகும் இடங்களில் உச்ச வேகம் 30 என்று 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாட்டின் பிரகடனம் சொல்கிறது. எங்கள் ஊர் விலக்கில், அதாவது நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குப் பிரியும் இடத்தில், வளைத்து வளைத்து இரண்டு பேரிகார்டு வைத்திருந்த ஆறு மாதம் நிம்மதியாக இருந்தோம். ஒரு திருவிழாவுக்கு எடுத்துப் போனார்கள், திரும்பி வரவில்லை. பலகை மட்டும் நிற்கிறது. பலகையைப் பார்த்து யார் பிரேக் போடுகிறார்கள்?

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். நெடுஞ்சாலை ஓரம் ஒரு பங்கு என்றால், பாதைகள் மூன்று பங்கு.

தபால் கொண்டுபோன காலத்தில் நான் நெடுஞ்சாலையில் ஓட்டியது கொஞ்சந்தான். ஊருக்கு ஊர் குறுக்கே பாதைகள் இருந்தன. எங்கள் ஊரிலிருந்து அடுத்த மீனவர் குடியிருப்புக்குச் சாலை வழியாகப் போனால் ஏழு கிலோமீட்டர்: மேற்கே ஏறி, நெடுஞ்சாலையில் வடக்கே போய், மறுபடி கிழக்கே இறங்க வேண்டும். பாதை வழியாக இரண்டரை. பனங்காட்டு விளிம்பில் தொடங்கும். உப்பளத்துக்குப் பின்னால் வரப்பு மாதிரி ஒரு மேட்டில் ஓடும். நடுவில் ஓர் ஓடை, அதன்மேல் இரண்டு பனந்தடி போட்டிருப்பார்கள். ஒரு கையில் சைக்கிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பனந்தடியில் நடக்கிற வித்தை எனக்கு அத்துப்படி. வாடைக் காலத்தில் ஓடையில் தண்ணீர் இடுப்பு வரை வந்தால் ஒரு வாரம் பத்து நாள் பாதை கிடையாது, மற்ற நாளெல்லாம் உண்டு. கல்யாணப் பத்திரிகை, கருமாதி ஓலை, பெண் பார்க்க வருகிறவர்கள், பரீட்சை ரிசல்ட் எல்லாம் அந்த வழியில்தான் போனது. பெண்கள் தனியாகவும் போவார்கள். எதிரே யாராவது வந்துகொண்டே இருப்பார்கள் என்பதுதான் பாதுகாப்பு.

இன்றைக்கு அந்தப் பாதை இல்லை. பனங்காட்டுப் பக்கம் சீமைக்கருவேலம் மூடிவிட்டது. உப்பளத்துக்குப் பின்னால் ஓர் இறால் பண்ணைக்காரர் வேலி போட்டிருக்கிறார். கேட்டால் பட்டா இடம் என்கிறார். பனந்தடி இற்று விழுந்து பத்து வருஷம். பாதை செத்ததும் அந்த ஊர்க்காரர்களை நாங்கள் வாட்ஸ்அப்பில் பார்க்கிறோம்.

ஆனால் பாதை காகிதத்தில் சாகவில்லை. வருவாய்த் துறையின் நில அளவைப் புலப்படத்தில், நில விவரம் எழுதி வைக்கிற அ-பதிவேட்டில், 'வண்டிப்பாதை', 'நடைபாதை' என்று புறம்போக்காகப் பதிவாகியிருக்கிற துண்டுகள் ஒவ்வொரு கிராமத்திலும் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எங்கள் ஊர்ப் படத்தைப் பார்த்தேன். இரட்டைப் புள்ளிக்கோடாக அது அங்கே ஓடுகிறது, வேலிக்கு நடுவிலேயே! நான் கேட்பது புதுச் சாலை இல்லை. நில எடுப்பு வேண்டாம், தாரும் வேண்டாம். தார் போட்டால் அடுத்த வருஷம் டிராக்டர் வரும், அதற்கடுத்த வருஷம் மணல் லாரி வரும், கதை பழையபடி ஆகிவிடும். முள்ளை வேரோடு எடுங்கள், மேட்டைச் சமப்படுத்திச் சரளை பரப்பி அடியுங்கள், ஓடைக்கு ஒரு சின்னக் குழாய்ப் பாலம் வையுங்கள், இரண்டு முனையிலும் கார் நுழையாதபடி கல் நடுங்கள். தண்ணீர்த் தள்ளுவண்டி நுழையும் இடைவெளி மட்டும் விடுங்கள். அந்த அகலத்தை வீட்டிலிருக்கும் வண்டியை அளந்து நானே சொல்கிறேன்.

கண்மாய்க் கரைகளும் இருக்கின்றன. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெயர் வாங்கிய இராஜசிங்கமங்கலம் கண்மாயை உடைய தாலுகா எங்களுடையது. அந்தக் கரையில் காலையில் எத்தனை பேர் சைக்கிளிலும் நடையிலும் போகிறார்கள் என்று நீர்வளத் துறைக்காரர்களுக்குத் தெரியும். கரையைப் பலப்படுத்தும்போது மேல்தளத்தைக் கொஞ்சம் சமமாக விட்டால் போதும், மைல் கணக்கில் பாதை சும்மா கிடைக்கிறது.

கடற்கரைப் பக்கமும் இதே சங்கதிதான். மன்னார் வளைகுடா ஓரம், அதாவது நாங்கள் ஆண்கடல் என்று சொல்கிற தெற்குப் பக்கம், பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குக் கடலுக்கு இறங்கும் வழி வேண்டும். எங்கள் பெண்கடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம் வலைக்காரர்களுக்கு வேண்டும். இறால் பண்ணைகள் பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, கடற்கரைக்குப் போகும் வழி அடைபடுகிறது என்பதும் அந்த வழக்கில் வந்த புகார்தான். 2025 மே மாதம் அதே நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்றும் சொல்லிவிட்டது. சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது, அரிவாள்தான் வேண்டும்.

இந்த வெயிலில் யார் நடப்பார்கள் என்று கேட்பீர்கள். நடந்துகொண்டுதான் இருக்கிறோம். விடிகாலையும் சாயங்காலமும் எங்கள் நேரம், உச்சி வெயிலில் நாய்கூட வெளியே வராது என்பது நிஜந்தான். ஆனால் நிழல் இருந்ததே! பனை நிழலும் நிழலோ என்று பழமொழி சொன்னவர் இந்தப் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும். பனையை நம்பிப் பயனில்லை. சாலையை அகலமாக்கும்போது போன மரங்களுக்குப் பதில் பூவரசும் புங்கையும் வேம்பும் வையுங்கள், உப்புக் காற்றைத் தாங்கும். அலங்காரச் செடி வேண்டாம், ஆடு தின்றுவிடும்.

எல்லாரிடமும் டூவீலர் வந்துவிட்டதே என்பீர்கள். எல்லாரிடமும் என்றால் யாரிடம்? வீட்டுக்கு ஒன்று, அதுவும் ஆம்பிளையிடம். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோல் அவர் சட்டைப்பையில் இருந்தால் ஓடும். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15-லிருந்து, அந்த இரண்டு மாதம் எங்கள் தெருவில் எத்தனை பைக் படுத்துக் கிடக்கிறது என்று வந்து பாருங்கள்.

பக்கத்து மாவட்டத்துக் கதை ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். தொண்டிக்கு வடக்கே எஸ்.பி. பட்டினம் தாண்டினால் புதுக்கோட்டை மாவட்டம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டினார்கள். கல்குவாரிப் பெண்கள், அங்கன்வாடிப் பெண்கள், தண்ணீர் எடுக்கிறவர்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்று ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்னால் பாரில் ஒரு பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று அதையே சிலர் விரும்பினார்களாம். ஓர் ஆட்சியர் மனது வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நாங்கள் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. அன்றைக்கு அந்தச் சாலைகளில் இன்றைய வேகம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் சைக்கிள் கற்றுக்கொடுக்கக் கேட்காமல் ஓரத்தைக் கேட்கிறேன்.

இந்தச் சீமைக்கு இது புதிதும் இல்லை. சேதுவுக்கு நடந்து வருகிறவர்களைக் காப்பதுதான் சேதுபதிகளின் வேலை, அந்தப் பட்டமே அதனால் வந்தது. நடந்து வந்தவர்கள் படுக்கச் சத்திரமும் மடமும் கட்டினார்கள். தங்கச்சிமடம், அக்காள்மடம் என்று ஊர்ப்பெயராகவே அவை நிற்கின்றன. 1988-ல் சாலைப் பாலம் திறக்கும்வரை பாம்பன் கால்வாயைத் தாண்டி இராமேஸ்வரம் தீவுக்குள் வண்டி ஓட்டிப் போக வழியே கிடையாது. ரயிலில் இறங்கி நடந்தார்கள். இன்று அதே பாலத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்க முடியுமா? ரயில் பாலத்தைப் படம் எடுக்க வருகிறவர்கள் காரை நிறுத்த, இறங்கியவர்கள் நடைமேடையை அடைக்க, பாம்பன்காரர் தன் ஊருக்குள் போக நடுச்சாலையில் நடக்கிறார். அதைப் பற்றி அந்த ஊர்க்காரர்களே எழுதினால் இன்னும் காரமாக இருக்கும், நான் விடுகிறேன்.

அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்: அடுத்த கணக்கெடுப்புத் தாளில் நடக்கிறவர்களுக்கு ஒரு கட்டம். தள்ளுவண்டி, தலைச்சுமை, பள்ளிப் பிள்ளை என்று பிரித்துப் போட்டால் இன்னும் நல்லது. இந்த ஓரத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று அந்த எண் சொல்லும். எண் வந்த பிறகு ஊருக்குள் வருகிற நெடுஞ்சாலைத் துண்டுகளில் நடைபாதை கேட்பேன். 1.8 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டருக்கு மேல் போகாத உயரம் என்று 2012-ல் அதே சாலைக் காங்கிரஸ் சொன்ன அளவில். ஆள் உயரத்துக்குக் கட்டிவிட்டால் என் வயசுக்காரர் எவரும் ஏற மாட்டார், கீழேதான் நடப்பார்.

இதையெல்லாம் அலுவலகத்தில் வைத்துப் பேச வேண்டாம். உங்களில் இரண்டு பேர், நெடுஞ்சாலைக்காரர் ஒருவர், வருவாய்த் துறைக்காரர் ஒருவர், விடிகாலை ஐந்தரைக்கு எங்கள் ஊர் விலக்குக்கு வாருங்கள். ஜீப்பை டீக்கடையில் விட்டுவிடலாம். மீன்காரப் பெண்கள் வரும் நேரம், கூடவே கரை வரை நடப்போம். திரும்பும்போது புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பழைய பாதையில் வேலி வரைக்கும் போய்ப் பார்ப்போம். எனக்கு ஒரு சைக்கிள் இருக்கிறது, திண்ணையில் பேத்தியுடையது ஒன்று உறையோடு இருக்கிறது, இன்னும் ஒன்றைப் பக்கத்து வீட்டில் வாங்கித் தருகிறேன். முள் குத்தினால் கவலை வேண்டாம். சொல்யூஷனும் பழைய டியூப் துண்டும் காற்றடிக்கும் பம்பும் என் பையிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராமத் தபால்காரர் ஒருவர்